ஒரு வருஷ ஆயுளுக்கு என்ன விலை?

இன்னிக்கு ஒரு எண்ணிலிருந்து ஆரம்பிக்கலாம்: 20,000 முதல் 30,000 பவுண்டு வரை.

இங்கிலாந்தில் ஒரு புது மருந்து வருகிறது. அது ஒருவருக்கு முழு ஆரோக்கியத்தோடு ஒரு வருஷத்தைக் கூடுதலாகக் கொடுக்கும் என்றால், அரசு அதற்கு எவ்வளவு வரைக்கும் செலவு செய்யலாம்? இருபது வருஷத்துக்கும் மேலாக அந்த நாட்டில் சொல்லப்பட்ட பதில் இந்த எண்தான். சொல்கிற அமைப்பின் பெயர் நைஸ். இங்கிலீஷ் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் அப்படி வரும். ஆனா அந்த ஊர் பத்திரிகைகள் இந்த அமைப்புக்கு வெச்ச பட்டப்பெயர்கள் அவ்வளவு நைஸா இருக்காது.

உயிருக்கு விலை போடுறாங்களேன்னு கோபம் வருதா? நியாயமான கோபம்தான். ஆனா இந்த எபிசோடுக்காக இந்த வரலாற்றைப் படிக்கப் படிக்க, எனக்குள்ள வேற ஒரு கேள்வி பெரிசாயிட்டே போச்சு. விலை போடாத நாடு எதாவது இருக்கா? இல்ல, போடுற விலையை வெளியில சொல்லாத நாடுகள்தான் இருக்கா?

அந்தக் கேள்வியோட, முதல்ல 1940-களுக்குப் போகலாம்.

போதாத மருந்து

இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம். பிரிட்டன் ஜெயித்துவிட்டது, ஆனால் கஜானா காலி. காசநோய் இளைஞர்களைக் கொன்றுகொண்டிருக்கிறது. அமெரிக்காவில் ஸ்ட்ரெப்டோமைசின் என்று ஒரு மருந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். அதை வாங்க டாலர் வேண்டும், பிரிட்டன் கையில் டாலர் இல்லை. கொஞ்சமாகத்தான் வாங்க முடிந்தது. யாருக்குக் கொடுப்பது?

அங்கேதான் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் வருகிறார். அவர் டாக்டர் இல்லை, புள்ளியியலாளர். டாக்டராகத்தான் ஆசைப்பட்டார். முதல் உலகப் போர் சமயத்தில் அவருக்கே காசநோய் வந்து, அந்த ஆசை போயிற்று. அவர் வாதம் இதுதான்: எல்லாருக்கும் கொடுக்கிற அளவுக்கு மருந்து கிடையாது. எப்படியும் பாதிப் பேருக்குக் கிடைக்கப்போவதில்லை. அப்படியானால், இந்த மருந்து உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்துகொள்கிற மாதிரி கொடுப்போம்.

107 நோயாளிகள். யாருக்கு மருந்து, யாருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் என்பதை டாக்டர் முடிவு செய்யக்கூடாது. சீட்டுக் குலுக்குகிற மாதிரி, மூடிய உறைக்குள் இருக்கும் சீட்டுதான் முடிவு செய்யும். டாக்டரிடம் விட்டால் என்ன ஆகும்? பிழைத்துவிடுவார் என்று தோன்றுகிறவருக்கே மருந்தைக் கொடுப்பார். அப்புறம் பிழைத்தது மருந்தாலா, அவர் உடம்பாலா என்று எப்படிச் சொல்வது?

ஆறு மாதம் கழித்து எண்ணிப் பார்த்தார்கள். மருந்து வாங்கிய 55 பேரில் 4 பேர் இறந்திருந்தார்கள். ஓய்வில் மட்டும் இருந்த 52 பேரில் 14 பேர். இந்த முடிவு 1948 அக்டோபரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. அதே வருஷம் ஜூலையில்தான் என்.எச்.எஸ். என்ற தேசிய சுகாதார சேவையும் தொடங்கியிருந்தது. வைத்தியம் எல்லாருக்கும் இலவசம், செலவு வரிப்பணத்திலிருந்து.

ஆனா கதை அங்க முடியல. அஞ்சு வருஷம் கழிச்சு அதே நோயாளிகளைத் தேடிப் பார்த்தாங்க. மருந்து வாங்கிய 55 பேர்ல 32 பேர் இறந்திருந்தாங்க. இன்னொரு பக்கம் 52-ல 35. வித்தியாசம் சுருங்கிப்போச்சு. கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிட்டிருந்தது. அதனால்தான் ஒரு மருந்தோடு இன்னொன்றைச் சேர்த்துக் கொடுக்கிற முறை வந்தது. ஆதாரம் என்பது ஒரு தடவை வாங்கி பீரோவில் வைக்கிற பத்திரம் கிடையாது. திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியது. இதை மனசுல வெச்சுக்கங்க, பின்னால தேவைப்படும்.

சேத்துப்பட்டில் ஒரு சோதனை

அடுத்த கேள்விக்குப் பதில் கிடைத்த இடம் லண்டன் இல்லை. சென்னை, சேத்துப்பட்டு.

காசநோய் வந்தால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும், நல்ல காற்று வேண்டும், நல்ல சாப்பாடு வேண்டும் என்பதுதான் அன்றைய வைத்தியம். பணக்கார நாடுகளுக்கு அது சரி. இந்தியாவில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கைக்கு எத்தனை சானடோரியம் கட்ட முடியும்?

1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு மையத்தைத் தொடங்கின. முன்னின்று நடத்தியவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர். 193 ஏழை நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில். மறுபாதி தங்கள் சொந்த வீட்டில், நெருக்கடியான அறைகளில், அதே கஞ்சி, அதே குடும்பம். இரண்டு பேருக்கும் ஒரே மாத்திரைகள், ஒரு வருஷம்.

1959-ல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கு அதனால் நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை. சானடோரியம் காலம் முடிவுக்கு வரத் தொடங்கியது இந்த மாதிரி முடிவுகளால்தான். அந்த மையம் இன்றைக்கு தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் அதே சேத்துப்பட்டில் இருக்கிறது.

இதைச் சும்மா ஊர்ப் பெருமைக்காகச் சொல்லல. இந்தச் சோதனை கேட்ட கேள்வியைக் கவனிங்க. 'எது சிறந்த வைத்தியம்'னு மட்டும் கேட்கல. 'இருக்கிற காசுக்குள்ள, எல்லாருக்கும் போய்ச் சேர்ற மாதிரி, எது போதுமான அளவு நல்ல வைத்தியம்'னு கேட்டுச்சு. நைஸ் பிறக்கிறதுக்கு நாற்பது வருஷம் முன்னாடியே அந்தக் கேள்வி அங்க இருக்கு.

டாக்டர்களைத் திட்டிய டாக்டர்

ஆதாரம் கிடைப்பது ஒரு பக்கம். டாக்டர்கள் அதைக் கேட்பார்களா என்பது வேறு பக்கம். இங்கே ஆர்ச்சி காக்ரேன் என்ற மனிதரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 1941-ல் ஜெர்மானியர்களிடம் போர்க் கைதியாகப் பிடிபட்டு, கிரீஸில் ஒரு முகாமில் கைதிகளுக்கே டாக்டராக இருந்தார். போருக்குப் பிறகு பிரிட்டன் வந்ததும் சக டாக்டர்களிடம் அவர் கேட்டுக்கொண்டே இருந்த கேள்வி ஒன்றுதான்: நீங்கள் செய்வது பலன் தருகிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

அவர் சுயசரிதையில் சொல்லும் ஒரு சம்பவம் ரொம்பப் பிரபலம். மாரடைப்பு வந்தவர்களுக்கு ஆஸ்பத்திரியின் தனி இதயப் பிரிவு நல்லதா, வீட்டிலேயே வைத்துப் பார்ப்பது நல்லதா என்று ஒரு சோதனை நடந்தது. சில மாதங்களில் ஆரம்பக்கட்ட எண்கள் வந்தன. வீட்டு வைத்தியத்தின் பக்கம் சாவு கொஞ்சம் குறைவு. ஆனால் தற்செயல் என்று ஒதுக்கக்கூடிய அளவு வித்தியாசம்தான். காக்ரேன் என்ன செய்தார் தெரியுமா? எண்களை மாற்றிப்போட்டு, ஆஸ்பத்திரி ஜெயிக்கிற மாதிரி ஒரு போலி அறிக்கை தயாரித்துக் குழுவில் காட்டினார். இதயப் பிரிவு டாக்டர்கள் கொதித்துப்போனார்கள். வீட்டில் வைத்து ஆட்களைச் சாகவிடுகிறாய், சோதனையை உடனே நிறுத்து என்று சத்தம் போட்டார்கள். கத்தி முடிக்கும்வரை காத்திருந்து, உண்மையான அறிக்கையை எடுத்து மேஜையில் வைத்தார். அப்படியானால் இதயப் பிரிவுகளை இதே வேகத்தில் இன்றைக்கே மூடச் சொல்வீர்களா என்று கேட்டார். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

1972-ல் காக்ரேன் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். எல்லா சோதனைகளையும் துறைவாரியாகத் தொகுத்து வைக்க வேண்டும் என்பதை அதற்குப் பிறகும் வலியுறுத்திக்கொண்டே இருந்தார். அப்படித் தொகுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதே 1972-லேயே ஒரு உதாரணம் தொடங்கியது. குறைமாதத்தில் பிரசவம் ஆகப்போகிற தாய்க்குக் கொஞ்சம் ஸ்டீராய்டு ஊசி போட்டால், குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிர்ந்து பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று நியூசிலாந்தில் இரண்டு டாக்டர்கள் காட்டினார்கள். மலிவான ஊசி. அதன்பின் வேறு வேறு இடங்களில் பல சோதனைகள் நடந்தன. ஒவ்வொன்றும் சின்னது, தனியாகப் பார்த்தால் தெளிவில்லாதது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த ஆய்வு 1990 வாக்கில்தான் வெளிவந்தது. விடை ஏற்கெனவே கையில் இருந்திருக்கிறது. நடுவில் போன வருஷங்களில், அந்த ஊசி கிடைத்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய குழந்தைகள் ஆயிரக்கணக்கில் இறந்திருக்கிறார்கள். 1993-ல் ஆக்ஸ்ஃபோர்டில் காக்ரேன் பெயரிலேயே ஒரு அமைப்பு தொடங்கினார்கள். அதன் லோகோவில் இருக்கிற கோடுகள் அந்த ஊசிச் சோதனைகளின் வரைபடம்தான்.

பின்கோடு லாட்டரி

இப்போ 1990-களின் கடைசி. ஆதாரம் இருக்கு, தொகுக்கிறவங்களும் இருக்காங்க. முடிவெடுக்கத்தான் ஆள் இல்லை.

என்.எச்.எஸ். பணம் வட்டாரவாரியாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. எந்தப் புது மருந்துக்குச் செலவு செய்வது என்று ஒவ்வொரு வட்டாரமும் தனித்தனியாக முடிவெடுத்தது. நரம்புத் தளர்ச்சியை உண்டாக்கும் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் நோய்க்கு பீட்டா இன்டர்ஃபெரான் என்று விலை உயர்ந்த மருந்து வந்தது. தெருவின் ஒரு பக்கத்தில் குடியிருப்பவருக்குக் கிடைக்கும், வட்டார எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குக் கிடைக்காது. காரணம் கேட்டால் எழுத்தில் எதுவும் இருக்காது. பத்திரிகைகள் இதற்கு வைத்த பெயர் போஸ்ட்கோடு லாட்டரி. நம்ம பாஷையில் பின்கோடு லாட்டரி.

டோனி பிளேர் அரசில் சுகாதார அமைச்சராக இருந்த ஃப்ராங்க் டாப்சன் காலத்தில், 1999 ஏப்ரல் 1 அன்று நைஸ் செயல்படத் தொடங்கியது. ஏப்ரல் முதல் தேதிங்கிறதால கிண்டலுக்குப் பஞ்சமே இருந்திருக்காது. முதல் தலைவர் மைக்கேல் ராலின்ஸ், நியூகாசிலில் மருந்தியல் பேராசிரியர்.

முதல் பரீட்சை சில மாதங்களில் வந்துவிட்டது. கிளாக்ஸோ வெல்கம் கம்பெனியின் ஃப்ளூ மருந்து ரெலென்சா. காய்ச்சல் நாட்களில் ஏறக்குறைய ஒரு நாளைக் குறைக்கும். ஆனால் ஃப்ளூவால் உயிருக்கே ஆபத்து வரக்கூடிய வயதானவர்கள், ஆஸ்துமாக்காரர்கள் ஆகியோருக்குப் பலன் உண்டா என்பதற்குப் போதிய ஆதாரம் அப்போது இல்லை. இந்தக் குளிர்காலத்துக்கு வேண்டாம் என்றது நைஸ். பிரிட்டனின் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்று அது. அதன் தலைவர் கொதித்துப்போய், நாட்டை விட்டே போகவேண்டியிருக்கும் என்கிற அளவுக்குப் பேசினார். அரசு பின்வாங்கவில்லை. அடுத்த வருஷம் கூடுதல் ஆதாரம் வந்தபோது, ஆபத்தான நிலையில் உள்ள பெரியவர்களுக்கு மட்டும் கொடுக்கலாம் என்று நைஸே சொன்னது. ஸ்ட்ரெப்டோமைசின் பாடம் ஞாபகம் இருக்கா? ஆதாரம் மாறினால் முடிவும் மாற வேண்டும்.

2000 மார்ச்சில் வெளியான முதலாம் எண் வழிகாட்டுதல் எதைப் பற்றித் தெரியுமா? ஞானப்பல்! வலியும் இல்லை, நோயும் இல்லை என்றால், பின்னால் தொந்தரவு வரலாம் என்பதற்காக அதைப் பிடுங்காதீர்கள் என்றது. புது மருந்தைத் தடுப்பது மட்டுமே வேலை இல்லை. பழக்கத்தால் செய்துகொண்டிருக்கிற தேவையற்ற வைத்தியத்தை நிறுத்தச் சொல்வதும் வேலைதான்.

உள்ளே என்ன நடக்கும்?

ஒரு மருந்து வந்தால் முதலில் கேள்வியைத் தீர்மானிப்பார்கள்: எந்த நோயாளிக்கு, எந்த வைத்தியத்தோடு ஒப்பிட்டு? கம்பெனி தன் ஆதாரங்களைக் கொடுக்கும். அதைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தனியாகக் குடைந்து பார்ப்பார்கள். பிறகு ஒரு குழு கூடும். அதில் டாக்டர்கள், நர்ஸ்கள், பொருளாதாரக்காரர்கள், புள்ளியியலாளர்கள் இருப்பார்கள். மருத்துவத் துறையைச் சேராத சாதாரண மனிதர்களும் இருப்பார்கள். இவர்கள் நைஸின் சம்பள ஊழியர்கள் கிடையாது. எந்தக் கம்பெனியிலிருந்து என்ன பணம் வாங்கினோம் என்பதை அறிவிக்க வேண்டும். நோயாளிகள் வந்து இந்த நோயோடு வாழ்வது எப்படி இருக்கிறது என்று சொல்வார்கள். வரைவு முடிவை வெளியிட்டுக் கருத்து கேட்பார்கள். இறுதி முடிவின் மேல் அப்பீலும் உண்டு. 2002-லிருந்து, நைஸ் 'சரி' என்று சொன்ன மருந்துக்கு மூன்று மாதத்துக்குள் என்.எச்.எஸ். பணம் ஒதுக்கியே ஆகவேண்டும். பின்கோடு பார்க்க முடியாது.

இப்போ அந்த எண்ணுக்கு வருவோம். புற்றுநோய் மருந்து ஆயுளைக் கூட்டுகிறது. மூட்டு ஆபரேஷன் ஆயுளைக் கூட்டாது, வலியைக் குறைக்கிறது. இரண்டையும் எப்படி ஒரே தராசில் வைப்பது? யார்க் பல்கலைக்கழகத்தின் ஆலன் வில்லியம்ஸ் போன்ற பொருளாதார அறிஞர்கள் வளர்த்தெடுத்த அளவுகோலுக்குப் பெயர் குவாலி. முழு ஆரோக்கியத்தோடு ஒரு வருஷம் வாழ்ந்தால் 1 குவாலி. பாதி ஆரோக்கியத்தோடு இரண்டு வருஷம் வாழ்ந்தாலும் 1 குவாலி. நடமாட்டம், தன் வேலையைத் தானே செய்துகொள்வது, அன்றாடக் காரியங்கள், வலி, மனக்கவலை என்று ஐந்து விஷயங்களை வைத்து 'பாதி ஆரோக்கியம்' என்பதைக் கணக்கிடுவார்கள். எந்தக் கஷ்டம் எவ்வளவு பெரியது என்று சொன்னது டாக்டர்கள் இல்லை. 1993-ல் பிரிட்டன் முழுக்கச் சுமார் 3,000 பொதுமக்களிடம் கேட்டு வாங்கிய மதிப்பு அது.

ஒரு கற்பனைக் கணக்கு. பழைய மருந்தைவிட ஒரு புது மருந்துக்கு 30,000 பவுண்டு கூடுதல் செலவு. நோயாளிக்கு அது பாதி ஆரோக்கியத்தோடு இரண்டு வருஷம் கூடுதலாகத் தருகிறது. ஆக 1 குவாலிக்கு 30,000 பவுண்டு. வரம்பின் விளிம்பு. குழு இங்கே கண்ணை மூடிக்கொண்டு கணக்கு மட்டும் பார்ப்பதில்லை. ஆதாரம் எவ்வளவு உறுதி, வேறு வைத்தியம் இருக்கிறதா என்றெல்லாம் விவாதிக்கும். 2009-லிருந்து ஆயுளின் கடைசிக் கட்டத்துக்கான மருந்துகளுக்கு வரம்பைத் தளர்த்தவும் செய்தார்கள்.

டிவியில் வராத நோயாளி

2005. ஹெர்செப்டின் என்ற மருந்து, ஒரு வகை மார்பகப் புற்றுநோயின் ஆரம்பக் கட்டத்திலேயே கொடுத்தால் நோய் திரும்புவதை நன்றாகக் குறைக்கிறது என்று சோதனை முடிவுகள் வந்தன. ஒரு நோயாளிக்கு ஒரு வருஷத்துக்குச் சுமார் 20,000 பவுண்டு. அந்தக் கட்டத்துக்கு இன்னும் லைசென்ஸ்கூடக் கிடைக்கவில்லை, நைஸ் பரிசீலிக்கவும் இல்லை. ஆனால் பெண்கள் தெருவில் இறங்கினார்கள், டிவியில் பேசினார்கள், வழக்குப் போட்டார்கள். அக்டோபரில் அமைச்சர் பட்ரீஷியா ஹெவிட் தலையிட்டு, விலையை மட்டும் காரணம் காட்டி மறுக்கக்கூடாது என்றார். அடுத்த ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஒரு நோயாளிக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்னது. ஆகஸ்டில் நைஸும் 'சரி' என்றது.

அந்தப் பெண்கள் கேட்டதில் என்ன தப்பு? ஒன்றுமே இல்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். மருந்தும் நல்ல மருந்துதான்.

ஆனா அதே 2006-ல நார்விச் ஆஸ்பத்திரி டாக்டர்கள் சிலர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு கணக்கை எழுதினாங்க. கூடுதல் பணம் வராமல், இருக்கிற பட்ஜெட்டிலேயே எங்கள் நோயாளிகளுக்கு ஹெர்செப்டின் கொடுக்க வேண்டும் என்றால், வேறு எந்தப் புற்றுநோய் சிகிச்சைகளை நாங்கள் நிறுத்த வேண்டும் என்ற கணக்கு. ஒரு பக்கம் பெயரும் முகமும் உள்ள பெண்கள். இன்னொரு பக்கம், தன் சிகிச்சை எதனால் தள்ளிப்போனது என்றே தெரியாமல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர்கள். அவர்களுக்காக யாரும் ஊர்வலம் போகமாட்டார்கள். போகவேண்டும் என்று அவர்களுக்கே தெரியாது.

நைஸின் 'வேண்டாம்' என்ற சொல்லுக்குப் பின்னால் நிற்பது இந்த இரண்டாவது ஆள்தான். அந்த 20,000-30,000 என்ற எண் அவருடைய வக்கீல் மாதிரி.

இந்த வக்கீலை ஒதுக்கி வைத்தால் என்ன நடக்கும் என்பதையும் இங்கிலாந்து பார்த்துவிட்டது. 2010 தேர்தலில் டேவிட் கேமரன் கட்சி புற்றுநோய் மருந்துகளுக்குத் தனி நிதி என்று வாக்குறுதி கொடுத்தது. நைஸ் மறுத்த மருந்துகளுக்கும் அதிலிருந்து பணம் கிடைக்கும். மக்களுக்குப் பிடித்த திட்டம். 2016 வரைக்கும் 127 கோடி பவுண்டு செலவானது. 2017-ல் ஆய்வாளர்கள் அந்த நிதியிலிருந்து பணம் பெற்ற 47 மருந்துப் பயன்பாடுகளை எடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகளின் ஆயுள் கூடியதற்குத் தெளிவான ஆதாரம் இருந்தது 18-க்கு மட்டும். அதற்குள், 2016-லேயே, அந்த நிதியைத் திரும்ப நைஸின் கீழ் கொண்டுவந்துவிட்டார்கள்.

எக்செல் ஃபைலுக்காக ஒரு வழக்கு

அப்போ நைஸ் எப்பவும் சரி, அழுகிறவங்கதான் தப்புன்னு சொல்ல வரேனா? கிடையாது. அடுத்த கதையைக் கேளுங்க.

அல்சைமர் மறதிநோய்க்கான மருந்துகளை 2001-ல் நைஸ் ஏற்றுக்கொண்டது. 2006-ல் கணக்கை மறுபடி போட்டு, நோய் நடுத்தர நிலைக்கு வந்த பிறகுதான் கொடுக்கலாம், ஆரம்ப நிலையில் கிடையாது என்று மாற்றியது. ஒரு மகளாக, மகனாக யோசிச்சுப் பாருங்க. அப்பாவுக்கு இன்னும் உங்க பெயர் ஞாபகம் இருக்கு. மருந்து வேணும்னா, அவர் இன்னும் கொஞ்சம் மறக்கிறவரைக்கும் காத்திருக்கணும்.

மருந்துக் கம்பெனி எய்சாய் வழக்குப் போட்டது. இரண்டு விஷயங்கள் வெளியே வந்தன. ஒன்று, நோயின் நிலையை அளக்க நைஸ் நம்பியது கேள்வி-பதில் வடிவில் உள்ள ஒரு தேர்வின் மதிப்பெண்ணை. இங்கிலீஷ் தாய்மொழியாக இல்லாதவருக்கும், கற்றல் குறைபாடு உள்ளவருக்கும் அந்த மதிப்பெண் பொருந்தாது. அதை நைஸ் கவனிக்கவில்லை என்று 2007-ல் உயர் நீதிமன்றம் சொன்னது. லண்டனில் வாழ்கிற, தமிழ் மட்டும் சரளமாகப் பேசுகிற ஒரு பாட்டியை நினைச்சுக்கங்க. மொழி தெரியாததால் குறைகிற மார்க்கும் நோயால் குறைகிற மார்க்கும் ஒன்றாகிவிடும்.

இரண்டாவது இன்னும் சுவாரசியம். மொத்த முடிவும் ஒரு கம்ப்யூட்டர் கணக்கு மாதிரியின்மேல் நின்றது. அதை நைஸ் கம்பெனிக்குக் கொடுத்தது, ஆனால் பார்க்க மட்டும் முடிகிற வடிவத்தில். எண்ணை மாற்றிப்போட்டு ஓட்டிப் பார்க்க முடியாது. 2008-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: நீ போட்ட கணக்கைச் சரிபார்க்க எதிராளிக்கு வழி இல்லையென்றால், கருத்துக் கேட்டேன் என்று சொல்வது நியாயமான நடைமுறை ஆகாது. முழுசாக இயங்குகிற ஃபைலைக் கொடு.

முடிவு உடனே மாறவில்லை. ஆனால் புதிய ஆதாரங்களோடும் திருத்திய கணக்கோடும் 2011-ல் நைஸ் ஆரம்ப நிலை நோயாளிகளுக்கும் அந்த மருந்துகளை அனுமதித்தது.

எனக்கு இந்த மொத்த வரலாற்றிலேயே முக்கியமான இடம் இதுதான். நைஸ் இங்கே சறுக்கியது. அந்தச் சறுக்கலைக் கண்டுபிடிக்க முடிந்ததற்குக் காரணம், சண்டை போடுவதற்கு ஒரு ஆவணம் இருந்தது. 1990-களில் மருந்து மறுக்கப்பட்டவருக்கு அது இல்லை. யார் மறுத்தார்கள், எந்தக் கணக்கில் மறுத்தார்கள் என்று தெரியாமல் எதை எதிர்த்து வழக்குப் போடுவது?

அந்த எண் எங்கிருந்து வந்தது?

கடைசியா ஒரு சங்கடமான கேள்வி. 20,000 முதல் 30,000. இதை யார் கண்டுபிடித்தது? எந்த ஆய்வகத்திலும் இது கிடைக்கவில்லை. ஆரம்ப வருஷங்களில் குழுக்கள் எடுத்த முடிவுகளின் போக்கிலிருந்து படிந்து, 2004-ல் நைஸின் கையேட்டில் எழுத்தில் வந்த எண் அது.

2015-ல் யார்க் ஆய்வாளர்கள் வேறு விதமாகக் கேட்டார்கள். என்.எச்.எஸ். தன் வழக்கமான வேலைகளில், அதாவது சாதாரண ஆபரேஷன், சாதாரண மாத்திரை, நர்ஸ் சேவை ஆகியவற்றில், 1 குவாலியை எவ்வளவு செலவில் உண்டாக்குகிறது? வந்த பதில் சுமார் 13,000 பவுண்டு. அப்படியானால் 30,000 கொடுத்துப் புது மருந்தில் ஒரு வருஷம் வாங்கும்போது, வரிசையில் இருக்கிற அந்தப் பெயர் தெரியாதவர்களிடமிருந்து இரண்டு வருஷத்துக்கு மேல் போகிறது. வரம்பு ரொம்பக் கடுமை என்று கம்பெனிகள் சொல்லிக்கொண்டிருக்க, இந்தக் கணக்கு அது ரொம்பத் தாராளம் என்றது.

2025 டிசம்பரில் பிரிட்டிஷ் அரசு அந்த வரம்பை 25,000-35,000 ஆக உயர்த்தப்போவதாக அறிவித்தது. இருபது வருஷத்துக்கும் மேலாக அசையாத எண் எதனால் அசைந்தது? அமெரிக்காவோடு மருந்து விலையும் இறக்குமதி வரியும் சம்பந்தமாக நடந்த பேரத்தில். எந்தச் சோதனையும் அதைச் சொல்லவில்லை. எது வேலை செய்கிறது என்பதை ஆதாரம் சொல்லும். எவ்வளவு கொடுக்கலாம், யாரைக் காத்திருக்கச் சொல்லலாம் என்பதை ஆதாரம் சொல்லாது, அதை மனிதர்கள்தான் சொல்ல வேண்டும்.

அமெரிக்கா இதில் வேறு பாதை போனது. 2010-ல் வந்த அவர்களின் சுகாதாரச் சட்டம், மருத்துவ ஆய்வுக்காகத் தான் உருவாக்கிய நிறுவனம் குவாலிக்கு இவ்வளவு டாலர் என்று வரம்பு வைப்பதையே தடை செய்தது. விலை போடக்கூடாது என்று சட்டம். ஆனால் இன்ஷூரன்ஸ் இல்லாதவருக்கு அங்கே விலை இல்லாமலா இருக்கிறது?

நம்ம நாட்டில் 2017-ல் மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் இதே மாதிரியான மதிப்பீடுகளுக்கு ஒரு அமைப்பு தொடங்கப்பட்டது. கண்புரை ஆபரேஷனில் எந்த லென்ஸ் போட்டால் போடுகிற காசுக்கு நல்ல பலன் என்பது அதன் ஆரம்ப ஆய்வுகளில் ஒன்று. நல்ல தொடக்கம். ஆனால் இங்கே 'உங்களுக்கு இந்த மருந்து கிடையாது' என்று சொல்வது இன்னும் பெரும்பாலும் பில் கவுன்டர்தான். அதற்கு வரைவு அறிக்கை கிடையாது, கருத்துக் கேட்பு கிடையாது, அப்பீலும் கிடையாது.

ஆரம்பத்துல கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: விலை போடாத நாடு எதுவும் எனக்குத் தட்டுப்படல. அடுத்த தடவை 'புது மருந்துக்கு அரசு அனுமதி', 'உயிர் காக்கும் மருந்து மறுப்பு' அப்படின்னு ஒரு தலைப்பைப் பார்த்தீங்கன்னா, ரெண்டு விஷயம் தேடிப் பாருங்க. அந்தக் காசு வேற யாருக்குப் போக வேண்டியதா இருந்தது? இந்த முடிவுக்கான காரணத்தை நான் எங்க படிக்கலாம்? ரெண்டாவது கேள்விக்குப் பதில் இல்லைன்னா, அந்த முடிவு சரியா தப்பான்னு விவாதிக்கக்கூட நமக்கு வழி இல்லை.

இந்த எபிசோட் இவ்வளவுதான். பிடிச்சிருந்தா நண்பர்களுக்கு அனுப்புங்க, மாற்றுக்கருத்து இருந்தா எங்களுக்கு எழுதுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.